ஊருக்கு ஒரு கணினி மையம்: முதலில் சர்வரா, இணைய லைனா?

கேள்வி: ராஜபாளையத்தில் பள்ளித் தோழர்கள் சிலர் சேர்ந்து, ஊரிலேயே இருந்து மென்பொருள் செய்ய நினைக்கும் இளைஞர்களுக்காக ஒரு பொது மையம் தொடங்குகிறோம். கையில் 40 லட்சம் இருக்கிறது. நான்கு ஜி.பி.யூ. கார்டு (செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளை வேகமாகப் போடும் அட்டை) கொண்ட சர்வருக்கு 28 லட்சம் கொட்டேஷன் வந்திருக்கிறது. துணியில் உள்ள பிழையைக் கேமராவால் கண்டுபிடிக்கும் வேலையில் இரண்டு குழுக்கள் இறங்கியிருக்கின்றன. சர்வரை வாங்கிவிடலாமா? இப்போதுள்ள 200 மெகாபிட் ஃபைபர் இணைப்பு போதுமா? அதையே பக்கத்து மில்களுக்கும் பகிர்ந்து கொடுத்துச் செலவை ஈடுகட்ட முடியுமா?

பதில்: சர்வரை இப்போதைக்கு வாங்க வேண்டாம். முதல் செலவு இணைய லைனுக்கும் கரண்டுக்கும் ஆகட்டும்.

காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். வேறு இடத்தில் இருக்கும் அதே தரத்துக் கார்டை இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கலாம். ஒரு கார்டின் வாடகை மணிக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 28 லட்சத்துக்கு 28,000 மணி நேரம் வாடகைக்கு எடுக்கலாம். ஒரு கார்டு தினம் 8 மணி நேரம், வருடத்தில் 300 நாள் ஓடினால் 2,400 மணி. நான்கும் அப்படியே ஓடினால் 9,600. அதாவது நான்கு கார்டும் சும்மா இருக்காமல் உழைத்தால்தான் ஏறக்குறைய மூன்று வருடத்தில் போட்ட பணம் ஈடாகும். அதற்குள் சந்தையில் அடுத்த தலைமுறைக் கார்டு வந்திருக்கும். இரண்டு குழுக்கள் மட்டும் உள்ள மையத்தில் நான்கு கார்டுகளுக்கும் தினம் 8 மணி நேர வேலை இருக்காது. படங்களைக் காட்டிக் கணினிக்குப் பிழையை அடையாளம் காணக் கற்றுத்தரும் பயிற்சி ஓட்டம் ஒரு வாரம் இடைவிடாமல் நடக்கும், பிறகு ஒரு மாதம் தரவைச் சுத்தம் செய்வதிலேயே போகும். இந்த வேலையின் இயல்பே அப்படி.

கரண்டும் சேர்கிறது. அப்படிப்பட்ட சர்வர் முழு வேகத்தில் சுமார் 2 கிலோவாட் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் 48 யூனிட். அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏசி, ஏசிக்குத் தனி யூனிட். கொட்டேஷனில் இதெல்லாம் வராது.

வாடகைக்கு எங்கே போவது? மத்திய அரசின் இந்தியா ஏ.ஐ. திட்டத்துக்கு 2024 மார்ச்சில் 10,372 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் தந்தார்கள். அதன் இணையதளம் வழியாக ஸ்டார்ட்அப்கள், சிறு தொழில்கள், ஆராய்ச்சியாளர்கள், மாணவர்கள் மானிய விலையில் ஜி.பி.யூ. நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை மணி நேரம் வேண்டும் என்று தெளிவாக எழுதித் தர வேண்டும். பக்கத்துக் கல்லூரிப் பேராசிரியர் யாராவது ஆராய்ச்சியில் சேர்ந்தால் திருச்சி என்.ஐ.டி.யில் 2022 முதல் இயங்கும் 838 டெராஃப்ளாப் (நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு) திறனுள்ள ‘பரம் பொருள்’ சூப்பர் கம்ப்யூட்டர் பக்கமும் பேசிப் பார்க்கலாம். மையத்தில் 24 ஜி.பி. நினைவகம் உள்ள ஒற்றைக் கார்டு போட்ட பணிக்கணினி ஒன்று இருந்தால் போதும். பையன்கள் அதில் முயன்று பார்த்துவிட்டு, பெரிய ஓட்டத்தை வெளியே அனுப்பட்டும். ஆறு மாதம் யார் எத்தனை மணி நேரம் எடுத்தார்கள் என்று குறித்து வையுங்கள். நான்கு கார்டுக்கும் வேலை இருக்கிறது என்று அந்தக் குறிப்பேடு சொன்னால் தயங்காமல் வாங்குங்கள்.

அடுத்து லைன். வாடகைக் கணினி என்றாலே தரவை மேலே ஏற்ற வேண்டும். இங்கேதான் 200 மெகாபிட் இடிக்கும். வீட்டு ஃபைபரில் பெரும்பாலும் பயன்படும் ஜிபான் முறையில், ஒரு பகுதியின் 32 அல்லது 64 இணைப்புகள் சேர்ந்து 2.5 ஜிகாபிட் இறக்கத்தையும் (டவுன்லோடு) 1.25 ஜிகாபிட் ஏற்றத்தையும் (அப்லோடு) பங்குபோடுகின்றன. எல்லாரும் படம் பார்க்கும் இரவு 9 மணிக்கு உங்கள் பங்கு எவ்வளவு என்பது அதிர்ஷ்டம். ஒரு டெராபைட் துணிப் படங்களை ஏற்ற 100 மெகாபிட் வேகம் உண்மையாகவே கிடைத்தாலும் 22 மணி நேரம் ஆகும். 20 மெகாபிட்தான் கிடைக்கிறது என்றால் நாலரை நாளுக்கு மேல். அதனால் ஏற்றமும் இறக்கமும் சமமாக உள்ள, யாரோடும் பங்கு போடாத தனி இணைப்பான லீஸ்டு லைன் ஒன்று கட்டாயம். 100 மெகாபிட்டில் தொடங்கலாம். பழுதானால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வார்கள், தவறினால் பில்லில் எவ்வளவு கழித்துக்கொள்ளலாம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது லைன் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இரண்டு கம்பெனியிடம் இரண்டு இணைப்பு வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். இரண்டு கேபிளும் ஒரே கரண்டு கம்பத்தில் தொங்கும், இல்லாவிட்டால் திருமங்கலம் – கொல்லம் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரே பள்ளத்தில் போகும். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு ஜேசிபி தோண்டினால் இரண்டும் போச்சு! கையெழுத்துப் போடும் முன் கேபிள் எந்த வழியாக வருகிறது என்று வரைபடம் கேளுங்கள். ஒன்று மதுரை பக்கமிருந்து வந்தால் இன்னொன்று தென்காசி, திருநெல்வேலி வழியாக வர வேண்டும். அப்படிக் கிடைக்கவில்லையா, கோபுரத்துக்குக் கோபுரம் போகும் ரேடியோ இணைப்பைக் கேளுங்கள். விலை குறைவான கம்பெனியைவிட வேறு வழியில் வருகிற கம்பெனிக்குத்தான் என் ஓட்டு.

பணம் கட்டும் முன் ஒரு வாரம் சோதனை இணைப்பு வாங்கி, இரவு நேரத்தில் சென்னை, மும்பையில் உள்ள கிளவுட் (வாடகைக் கணினி) மையங்களுக்குப் பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரத்தை அளப்பது), ட்ரேஸ்ரூட் (அது போகும் பாதையைக் காட்டுவது) ஓட்டிப் பாருங்கள். ஃபைபரில் ஒளி 100 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒரு மில்லிநொடி ஆகும். சென்னை உங்களுக்கு 550 கிலோமீட்டர் என்றால் ஐந்தரை மில்லிநொடிக்குக் கீழே வரவே முடியாது. 15, 20 வந்தால் நல்ல லைன். 60-ஐத் தாண்டினால் பாதை எங்கோ சுற்றுகிறது. உள்நாட்டு இணையப் போக்குவரத்து கம்பெனிகளுக்கு இடையே உள்நாட்டிலேயே கைமாற வேண்டும் என்பதற்காகத்தான் 2003-இல் நிக்ஸி அமைப்பு வந்தது, சென்னையிலும் அதற்குப் பரிமாற்ற நிலையம் உண்டு. உங்களுக்கு லைன் தரும் கம்பெனி அங்கே இணைந்திருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

துணிப் பிழை வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. மில்லில் ஓடும் கேமராப் படத்தை அப்படியே கிளவுடுக்கு அனுப்பும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். சாதாரணக் கண்காணிப்புக் கேமராவே 4 மெகாபிட் தின்னும். 20 கேமரா என்றால் 80 மெகாபிட், அதுவும் ராத்திரி பகலாக. ஓடும் துணியை வரி வரியாகப் படம் பிடிக்கும் லைன்-ஸ்கேன் கேமரா இதைவிடப் பல மடங்கு. படத்தைத் தறி ஓடும் இடத்திலேயே ஒரு சின்னக் கணினி பார்க்கட்டும், பிழை தெரிந்த துண்டுகள் மட்டும் மையத்துக்கு வரட்டும். லைன் அறுந்தாலும் மில் நிற்காது.

கடைசியாக, பகிர்ந்து விற்பது. வாங்கிய இணைப்பைக் கேபிள் இழுத்து மில்லுக்குக் காசுக்குக் கொடுத்தால் அது இணைய சேவை வழங்குவது ஆகிவிடும், அதற்கு உரிமம் வேண்டும். விதிவிலக்கு பி.எம்.-வாணி திட்டம். 2020 டிசம்பரில் ஒப்புதலான அதன்படி பொது வைஃபை நடத்தும் கடைக்கு உரிமமும் தேவையில்லை, கட்டணமும் இல்லை. மைய வாசலில் மாணவர்களுக்கு வைஃபை தர அது சரி, மில்லுக்கு உதவாது.

மில்களுக்கு வேறு வழி இருக்கிறது, எனக்கு அதுதான் பிடித்ததும்கூட. பத்து மில், இரண்டு ஆஸ்பத்திரி, உங்கள் மையம் எல்லாரும் சேர்ந்து ‘மூன்று வருடத்துக்கு இவ்வளவு மெகாபிட் எடுப்போம்’ என்று எழுதிக்கொண்டு உரிமம் உள்ள கம்பெனிகளைக் கூப்பிடுங்கள். தங்கள் கருவியை உங்கள் கட்டடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். இடம், யு.பி.எஸ்., ஜெனரேட்டர் உங்களுடையது, பில்லும் பொறுப்பும் அவர்களுடையது. பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டி மாதிரி ஊராட்சிகள் சேர விரும்பினால், மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் பாரத்நெட் என்னும் கிராம இணையத் திட்டத்தின் ஃபைபரைக் கொண்டுபோகும் மாநில அரசின் டான்ஃபினெட் நிறுவனத்திடமும் ஒரு மனு கொடுத்து வையுங்கள்.

மீதிப் பணத்தில் முதல் இரண்டு வருடத்துக்கு நெட்வொர்க் தெரிந்த ஒரு ஆளின் சம்பளத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், அதில் வேறு எதற்கும் கை வைக்க வேண்டாம்.