கேள்வி நேரம்: சர்வர் அறை

கேள்வி: எங்களிடம் இரண்டு டொமைன் கன்ட்ரோலர்கள் (பயனர் கணக்குகளையும் லாகினையும் கவனிக்கும் விண்டோஸ் சர்வர்கள்). முதலாவதன் வன்தட்டு போய்விட்டது, பேக்கப்பும் இல்லை. பழைய பயனர்கள் லாகின் ஆகிறார்கள். அதன் பிறகும் இரண்டு வாரம் புதிய பயனர்களைச் சேர்க்க முடிந்தது, இன்று முடியவில்லை. ஏன்?

பதில்: மிச்சமிருக்கும் சர்வரில் ‘நெட்டாம் க்வெரி எஃப்எஸ்எம்ஓ’ கட்டளையை ஓட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சர்வர் மட்டுமே வகிக்கக்கூடிய ஐந்து ரோல்களுக்கும் (பொறுப்புகள்) இறந்துபோன சர்வரின் பெயரே வரும். அவற்றில் புதிய கணக்குக்கு எண் (ரிட்) தருவது ரிட் மாஸ்டர் என்ற ரோல். அது ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் 500 எண்களை மொத்தமாகக் கொடுத்துவைக்கும். அந்தக் கையிருப்பில்தான் இரண்டு வாரம் ஓடியது. தீர்ந்ததும் விண்டோஸின் நிகழ்வுப் பதிவான ஈவென்ட் வியூவரில் 16645 என்ற எண்ணில் பிழை தெரியும்.

மாஸ்டர் உயிரோடு இல்லாததால் ரோலைக் கேட்டு வாங்க வழியில்லை, பறிக்கத்தான் வேண்டும். ‘என்டிடிஎஸ்யுடில்’ என்ற கட்டளைக் கருவியைத் திறந்து ‘ரோல்ஸ்’, ‘கனெக்‌ஷன்ஸ்’, பிறகு ‘கனெக்ட் டு சர்வர்’ என்று உயிரோடிருக்கும் சர்வரின் பெயரைக் கொடுங்கள். ‘க்விட்’ அடித்து ‘சீஸ் ரிட் மாஸ்டர்’. மற்ற நான்கையும் இப்படியே.

பலர் இதோடு நிறுத்திவிட்டு, ‘இன்னும் அதே பிழை’ என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். ரோல் ஏற்ற சர்வரை ரீஸ்டார்ட் செய்தால், அது ஒரு கூட்டாளி கன்ட்ரோலரோடு ரெப்ளிகேஷன் (தரவு ஒத்திசைவு) முடித்த பிறகே ரிட் வேலையைத் தொடங்கும். கூட்டாளியோ செத்த சர்வர்! ஆகவே ‘மெட்டாடேட்டா க்ளீனப்’ செய்து அதன் பதிவை நீக்குங்கள்; சர்வர் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸில் அதன் மிச்சங்களையும் துடையுங்கள். பிறகு ‘டிசிடயாக் /டெஸ்ட்:ரிட்மேனேஜர் /வி’ ஓட்டி, ரிட் வேலை நடக்கிறதா என்று பாருங்கள்.

பழைய வன்தட்டை யாராவது மீட்டுக் கொடுத்தாலும் அந்த சர்வரை நெட்வொர்க்கில் மாட்டவே மாட்டாதீர்கள். இரண்டு ரிட் மாஸ்டர் இருந்தால் ஒரே எண் இருவருக்குப் போய்விடும்.