4 ஏக்கருக்கு மினி டிராக்டர்: 18 எச்.பி.யா, 27 எச்.பி.யா?

கேள்வி: ஐயா, கோபிசெட்டிபாளையம் பக்கம் எனக்கு 4 ஏக்கர், கிணற்றுப் பாசனம். செம்மண், ஒரு மூலையில் கல் உண்டு. 2 ஏக்கர் தென்னை (25-க்கு 25 அடி), ஒன்றேகால் ஏக்கர் வாழை (6-க்கு 6 அடி), மீதி மஞ்சள். போன வருடம் உழவு வாடகை மட்டும் 38,000 ரூபாய் ஆனது. வாழையில் களை வெட்ட ஆள் கிடைப்பதில்லை. மினி டிராக்டர் எடுக்கலாம் என்று கடைக்குப் போனேன். 27 எச்.பி. வண்டி, 5 அடி ரோட்டவேட்டர் (மண்ணைப் பொடியாக்கும் சுழல் கலப்பை), ஒன்பது கொத்துக் கலப்பை, சட்டிக் கலப்பை, கேஜ் வீல் (சேற்றுழவுக்கான இரும்புச் சக்கரம்), டிரெய்லர் எல்லாம் சேர்த்து 7 லட்சத்து 40 ஆயிரம் என்கிறார்கள். 18 எச்.பி. போதும் என்கிறார் நண்பர். பக்கத்து 3 ஏக்கர் சித்தப்பாவுடையது, அதுவும் தென்னைதான். எதை எடுப்பது?

பதில்: தம்பி, கடைக்காரரும் உங்கள் நண்பரும் எச்.பி.யில் ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் வாழைத் தோட்டத்தில் ஆரம்பியுங்கள். 4 அடி நீளத்துக்கு ஒரு மூங்கில் குச்சி வெட்டுங்கள். அதை இடுப்பு உயரத்தில் குறுக்காகப் பிடித்துக்கொண்டு, மூன்று மாத வாழை வரிசைக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பாருங்கள். குச்சி தண்டில் இடிக்கிறதா, பக்கக் கன்றில் இடிக்கிறதா, சொட்டுநீர்க் குழாய் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று கவனியுங்கள். வரிசை முடிகிற இடத்தில் வண்டி திரும்ப 10, 12 அடி இருக்கிறதா, அங்கே கேட் வால்வு நீட்டிக்கொண்டு நிற்கிறதா என்பதையும் பாருங்கள். 6 அடி என்பது குழிக்குக் குழி அளவு. தண்டு பருத்து, கன்று வெளியே வந்து, மண் அணைத்த பிறகு மிஞ்சுவது நாலரை அடிதான். ஐந்தாம் மாதத்துக்கு மேல் இலை தொங்கிவிடும். அப்போது எந்த டிராக்டரும் உள்ளே போகாது, போனாலும் இலையைக் கிழித்துவிட்டுத்தான் வெளியே வரும்.

குச்சி அளவை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கையில் டேப் இருக்கட்டும். கேட்லாக்கில் ட்ராக் அகலம் என்று போட்டிருப்பது ஒரு டயரின் நடுவிலிருந்து அடுத்த டயரின் நடு வரை உள்ள அளவு. வாழையில் இடிப்பது டயரின் வெளிவிளிம்பு. அதனால் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை நீங்களே அளந்துகொள்ளுங்கள். எச்.பி. கூடினால் அகலமும் கூடியே தீரும் என்றில்லை. ஒல்லியான டயர் போட்ட 28 எச்.பி. வண்டி மூன்றரை அடியில் அடங்கிவிடுவதும் உண்டு, அகல டயர் போட்ட சின்ன வண்டி 4 அடியைத் தொடுவதும் உண்டு. உங்கள் வாழைக்கு மூன்றே முக்கால் அடிக்கு மேல் வேண்டாம்.

இனி ரோட்டவேட்டர். அந்த 5 அடியை வாங்கவே வாங்காதீர்கள். ரோட்டவேட்டர் டயர் தடத்தை மூடினால் போதும். தடத்தை மூடாவிட்டால் இரண்டு பக்கமும் அமுக்கிய மண் அப்படியே கிடக்கும், மூடியதற்கு மேல் நீளம் இருந்தால் அது இன்ஜினுக்குப் பாரம். நாலரை அடி சந்தில் 5 அடி ரோட்டவேட்டர் எப்படிப் போகும் என்று கடைக்காரரிடமே கேட்டுப் பாருங்கள். நான் ஒரு காலத்தில் 22 எச்.பி. வண்டிக்கு 5 அடி மாட்டினேன். விற்றவர் "தாராளமாக இழுக்கும்" என்றார். இழுக்கத்தான் செய்தது. ஈரம் சற்றுக் கூடின இடத்தில் கரும்புகை தள்ளும், ஆர்.பி.எம். விழும், நான் கிளட்சை மிதிப்பேன். இரண்டாவது பட்டத்தில் கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டி வந்தது.

இன்ஜின் எச்.பி. முழுசாக ரோட்டவேட்டருக்குப் போய்ச் சேராது. 24 எச்.பி. இன்ஜின் என்றால் பி.டி.ஓ.வில், அதாவது ரோட்டவேட்டரைச் சுழற்றும் பின்பக்கத் தண்டில், கிடைப்பது 20-ஐ ஒட்டித்தான். மத்தியப் பிரதேசம் புத்னியில் மத்திய அரசின் டிராக்டர் சோதனை நிலையம் இருக்கிறது. அங்கே சோதித்த மாடலின் அறிக்கையில் பி.டி.ஓ. திறன் தனியாகப் போட்டிருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். 24 முதல் 28 எச்.பி. வரை 4 அடி ரோட்டவேட்டர் சரியான ஜோடி. உங்கள் நண்பர் சொல்லும் 18 எச்.பி.க்கு 3 அடிதான் பொருந்தும். வாழைக்கு அது போதும், ஆனால் சித்தப்பா தோப்பையும் சேர்த்து 5 ஏக்கர் தென்னையை 3 அடி அகலத்தில் ஓட்டினால் பொழுது போய்விடும்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பீர்கள். 4 அடி என்பது 1.2 மீட்டர். மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் போனால் 3,000 சதுர மீட்டர். திரும்புவது, ஓட்டிய தடத்தின் மேலேயே மறுபடி ஓடுவது எல்லாம் கழித்தால் நிஜத்தில் முக்கால் பங்கு, அதாவது அரை ஏக்கருக்குச் சற்று மேல். ஆக ஏக்கருக்கு இரண்டு மணி நேரம். தென்னை 2 ஏக்கருக்கு வருடம் மூன்று முறை, 12 மணி. வாழையில் நடவுக்கு முந்தைய உழவும் இடை உழவும் சேர்த்து 13 மணி. மஞ்சளுக்கு 4 மணி. டிரெய்லரில் எருவும் தேங்காயும் இழுப்பதை 20 மணி என்று வைத்தாலும் வருடத்துக்கு 50 மணி நேரத்தைத் தாண்டவில்லை.

இதுதான் உங்கள் கேள்வியில் நீங்கள் கேட்காமல் விட்டது. 5 லட்சம் கடன் எடுத்து 10 சதவீத வட்டி என்றால் முதல் வருட வட்டியே 50,000. நீங்கள் கொடுத்த வாடகை 38,000. அதிலும் ஆழ உழவுக்குப் பெரிய வண்டியை இனியும் கூப்பிடத்தான் வேண்டும். டீசல், ஆயில், டயர் வேறு. வாழையில் நான்கு களையெடுப்பில் இரண்டை வண்டி செய்தாலும், உங்கள் 4 ஏக்கர் மட்டும் இந்த வண்டிக்குச் சோறு போடாது. சித்தப்பா பணம் போடுவாரா என்று முதலில் பேசுங்கள். அவர் பாதி போட்டு, டீசல் அவரவர் செலவு, ரிப்பேர் மணிக்கணக்குப்படி என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டால் கணக்கு நிற்கும். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் பின்னால் நடந்து ஓட்டும் பவர் டில்லரோ களையெடுக்கும் பவர் வீடரோ எடுத்து வாழையைப் பார்த்துக்கொள்ளுங்கள், தென்னைக்கு வாடகை வண்டியே போதும். பவர் டில்லர் பிடித்தால் சாயங்காலம் தோள்பட்டை பேசும், அதையும் சொல்லிவிடுகிறேன். வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை இ-வாடகை செயலியில் பதிவு செய்யும் வசதியும் உண்டு.

சித்தப்பா சரி என்றால், 24 எச்.பி.யை ஒட்டி, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி எடுங்கள். இந்த வகை வண்டிகள் எடை குறைவு. பின் சக்கரம் மட்டும் இழுத்தால் தண்ணீர் பாய்ந்த செம்மண்ணில் சுற்றிக்கொண்டே நிற்கும், ரோட்டவேட்டரைத் தூக்கினால் முன்பக்கம் லேசாகிவிடும். ஆனால் தார் ரோட்டில் போகும்போது முன் இழுவையை எடுத்துவிட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் முன் டயர் சீக்கிரம் மொட்டையாகும். ரோட்டவேட்டரைத் தூக்கும் ஹைட்ராலிக் 700 கிலோவுக்குக் குறையாமல் தூக்க வேண்டும்.

கலப்பைகளில் ஐந்து கொத்துக் கலப்பையும் டிரெய்லரும் மட்டும் எடுங்கள். ஒன்பது கொத்து இந்த வண்டிக்கு மிஞ்சியது. சட்டிக் கலப்பையை இதில் மாட்டினால் மண்ணைப் புரட்டாது, சுரண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 45, 50 எச்.பி. வண்டியை வாடகைக்கு எடுத்து ஆழமாக ஓட்டிக்கொள்ளுங்கள். சேற்றுழவு இல்லாத தோட்டத்தில் கேஜ் வீல் எதற்கு? கோழி அடைக்கவா? மஞ்சளுக்கு மண்ணை மேடாக அணைக்கும் பார் கலப்பை பிறகு வாங்கிக்கொள்ளலாம். பார் போட்டு நட்ட பிறகு ஒன்றரை அடி இடைவெளியில் வண்டிக்கு வேலை இல்லை. தென்னை மட்டையைத் தூளாக்கும் இயந்திரத்தையும் இதில் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பி.டி.ஓ.வில் ஓடும் அந்த இயந்திரங்கள் பெரும்பாலும் 35 எச்.பி.க்கு மேல் கேட்பவை.

தென்னையில் ஓட்டும்போது மரத்திலிருந்து 6 அடிக்குள் போக வேண்டாம். ஆழம் நாலைந்து அங்குலம் போதும். அதற்குக் கீழே போனால் மரத்துக்குச் சோறு கொண்டுபோகிற வேரைத்தான் வெட்டுகிறோம்.

அடுத்த வாழை நடவில் இடைவெளியை மாற்றிப் பாருங்கள். செடிக்குச் செடி 5 அடி, ஜோடி வரிசைக்குள் 5 அடி, ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவே 9 அடி. ஒரு வாழைக்கு 35 சதுர அடி விழும், ஏக்கருக்கு 1,244 வாழை. இப்போது 6-க்கு 6-ல் 1,210 தான். எண்ணிக்கை குறையாமல் வண்டிக்கு வழி கிடைக்கிறது, ஏழாம் மாதத்திலும் உள்ளே போகலாம்.

பணம் கட்டுவதற்கு முன் மானியம் பாருங்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், எல்லாம் உச்சவரம்புக்கு உட்பட்டது. உழவன் செயலியில் பதிந்து, சிறு குறு விவசாயி சான்றிதழோடு வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் இந்த வருடப் பட்டியலில் மினி டிராக்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். வண்டியை இறக்கிவிட்டு அப்புறம் மானியம் கேட்டால் கிடைக்காது. கொட்டேஷனில் ஜி.எஸ்.டி. எவ்வளவு என்றும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு 12 சதவீதம் 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய விலைத்தாளை நீட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

ஷோரூம் வாசலில் ஓட்டிக் காட்டுவதை ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தோட்டத்தில், அந்தக் கல் மூலையில், ரோட்டவேட்டர் மாட்டி அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். புகையும் வெப்பமானி முள்ளும் மீதியைச் சொல்லும். மெக்கானிக் எங்கிருந்து வருவார், பிளேடும் போல்ட்டும் கோபியிலேயே கிடைக்குமா என்று அங்கேயே கேளுங்கள்.

ஒடுங்கின வண்டி வரப்பில் சாயும். வரப்பைக் குறுக்காக, செங்கோணத்தில், ரோட்டவேட்டரைத் தாழ்வாக வைத்துக் கடக்க வேண்டும். பி.டி.ஓ. ஷாஃப்ட் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுவது நம் ஊர்ப் பழக்கம். தோளில் துண்டும் இடுப்பில் லுங்கியுமாக அதன் பக்கத்தில் குனியாதீர்கள், சித்தப்பாவையும் குனிய விடாதீர்கள்.

குச்சியோடு நடந்து பார்த்துவிட்டு எத்தனை வரிசையில் இடிக்காமல் போனது என்று எழுதுங்கள். பாதிக்கு மேல் இடித்தால் இந்த வருடம் வண்டி வேண்டாம், ஜோடி நடவு முடிந்த பிறகு பேசுவோம்.