சிஎன்ஏ எக்ஸாமுக்கு எப்படி படிக்கிறது, என்ன பழகுறது: நீங்க கேட்டதுக்கு என் பதில்கள்

அமெரிக்காவுல சிஎன்ஏ, அதாவது வயசானவங்க, நோயாளிங்கள பாத்துக்கற சர்டிஃபைட் நர்சிங் அசிஸ்டென்ட் எக்ஸாம் எழுதப்போற நம்மாளுங்க நிறைய பேர் கேள்வி அனுப்பியிருக்கீங்க. நான் நர்சிங் ஹோம்ல, அதாவது இங்க வயசானவங்க தங்கியிருக்கற பராமரிப்பு இல்லத்துல, ரொம்ப வருஷம் சிஎன்ஏவா வேலை பார்த்துட்டு இப்ப ஸ்கில்ஸ் கிளாஸ்ல சொல்லிக்குடுக்கிறேன். எனக்கு உறுதியா தெரிஞ்சத மட்டும் சொல்றேன். ஆனா ரூல்ஸ் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும், அதனால உங்க ஸ்டேட்டோட கேண்டிடேட் ஹேண்ட்புக்க டவுன்லோட் பண்ணி பக்கத்துல வச்சுக்கிட்டே இத படிங்க.

அக்கா, எத்தனை மணி நேரம் ட்ரெயினிங் எடுக்கணும்? ஒரு இடத்துல 75ங்கறாங்க, இன்னொரு இடத்துல 160ங்கறாங்க, எது சரி?

ரெண்டுமே சரிதாம்மா. 1987ல வந்த ஓப்ராங்கற ஃபெடரல் சட்டப்படி நாடு முழுக்க குறைஞ்சது 75 மணி நேரம், அதுல 16 மணி நேரமாவது கையால செஞ்சு பழகுற ட்ரெயினிங்கா இருக்கணும். அதுக்கு மேல எவ்வளவுங்கறத ஸ்டேட் முடிவு பண்ணும். கலிஃபோர்னியால 160 மணி நேரம், அதனாலதான் ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த ஸ்கூல் உங்க ஸ்டேட்டோட அப்ரூவ்ட் லிஸ்ட்ல இருக்கான்னு நீங்களே பாருங்க, அவங்க வாய்வார்த்தைய நம்பாதீங்க.

பணம் பத்தி இன்னொண்ணு. மெடிகேர், மெடிகெய்ட்னு அரசு மருத்துவக் காப்பீட்டுப் பணம் வாங்கற நர்சிங் ஹோம் உங்கள வேலைக்கு எடுத்துட்டு ட்ரெயினிங் குடுத்தா அதுக்கு உங்ககிட்ட காசு வாங்கக் கூடாது. நீங்களே பணம் கட்டி படிச்சிருந்தாலும் முடிச்ச 12 மாசத்துக்குள்ள அந்த மாதிரி இடத்துல வேலைக்கு சேர்ந்தா, நீங்க வேலை பாக்கற காலத்துக்கு ஏத்த மாதிரி அந்த செலவு திரும்பி வர வழி இருக்கு. ரசீது எல்லாத்தையும் பத்திரமா வைங்க. இது தெரியாம விட்டுட்டவங்க நிறைய பேர்.

எக்ஸாம் எப்படி இருக்கும்? எனக்கு இங்கிலீஷ் பேச வரும், படிக்கறதுதான் ரொம்ப ஸ்லோ. வயசு 52.

ரெண்டு பார்ட் அக்கா. ஒண்ணு கேள்வித்தாள், இன்னொண்ணு செஞ்சு காட்டற ஸ்கில்ஸ், ரெண்டுலயும் பாஸ் ஆகணும். நிறைய ஸ்டேட்ல என்என்ஏஏபிங்கற எக்ஸாம் நடக்குது, அத கிரெடென்ஷியா கம்பெனி நடத்துறாங்க, வேற சில ஸ்டேட்ல ப்ரோமெட்ரிக். என்என்ஏஏபில 70 கேள்வி வரும், ஒவ்வொண்ணுக்கும் நாலு பதில்ல ஒண்ண தேர்ந்தெடுக்கணும், அதுல 60க்குதான் மார்க், மீதி 10 அவங்க சோதிச்சுப் பாக்கற கேள்வி. எது எதுன்னு தெரியாதுங்கறதால எல்லாத்துக்கும் பதில் போட்டுடுங்க.

படிக்கறது ஸ்லோன்னா ஓரல் எக்ஸாம்னு ஒண்ணு இருக்கு, ஹெட்ஃபோன்ல கேள்விய வாசிச்சு காட்டுவாங்க. ஆனா அதுலயும் 10 கேள்வி நீங்களே வாசிச்சு பதில் சொல்ற மாதிரி வரும், வேலையில தினமும் கண்ணுல படற வார்த்தைங்கதான். அப்ளை பண்ணும்போதே ஓரல்னு டிக் பண்ணணும், அன்னைக்கு போய் கேட்டா கிடைக்காது. 52 வயசெல்லாம் ஒரு தடையே இல்ல, என் கிளாஸ்ல பெரியவங்கள நிதானமா பாத்துக்கறது உங்க வயசுக்காரங்கதான்.

ப்ராக்டிஸ் டெஸ்ட்ல எனக்கு ரெண்டு பதில் சரியா தோணும், எப்பவும் தப்பானதத்தான் போடுறேன். என்ன பண்றது?

இந்த கேள்வி வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா நம்மாளுங்க மார்க் விடறது மருத்துவ விஷயத்துல இல்ல, இங்கதான். நாம வளர்ந்த விதத்துல வயசானவங்கன்னா எல்லாத்தையும் நாமளே செஞ்சு குடுக்கறதுதான் மரியாதை, ஊட்டி விடறது, சட்ட போட்டு விடறது, "நீங்க சும்மா இருங்க நான் பாத்துக்கறேன்"ங்கறது. இந்த எக்ஸாம்ல அது தப்பான பதில். அவங்களால பட்டன் போட முடியும்னா பத்து நிமிஷம் ஆனாலும் அவங்களையே போட விடணும், முடியாத இடத்துல மட்டும் கை குடுக்கணும். அவங்களுக்கு இருக்கற திறமை போயிடக் கூடாது, அதுதான் காரணம்.

அதே மாதிரி ரெசிடென்ட், அதாவது அங்க தங்கியிருக்கறவங்க, "இன்னைக்கு எனக்கு குளியல் வேணாம்"னு சொன்னா சமாதானப்படுத்தி கூட்டிட்டு போறது பதில் இல்ல, கட்டாயப்படுத்தறது சுத்தமா இல்ல. வேணாம்னு சொல்றது அவங்க உரிமை. ஏன்னு கேளுங்க, அப்பறம் வரட்டுமான்னு கேளுங்க, நர்ஸ்கிட்ட சொல்லுங்க. டிமென்ஷியா, அதாவது மறதி நோய் இருக்கற அம்மா ஒருத்தங்க "என் புருஷன் வருவாரு"ன்னு காத்திருந்தா "அவர் செத்துட்டாரே"ன்னு சொல்லக் கூடாது, வாதாடவும் கூடாது, அவரப்பத்தி பேச்சு குடுக்கணும்.

"தாத்தா", "பாட்டி", "ஹனி", "ஸ்வீட்டி"ன்னு கூப்பிடறதும் தப்பு. மிஸ்டர், மிஸ்னு போட்டு அவங்க கடைசி பேரு, இல்லன்னா அவங்க எப்படி கூப்பிட சொல்றாங்களோ அப்படி.

ரெண்டு பதில்ல குழம்பினா நான் சொல்லிக்குடுக்கற வழி இது: எதுல ஆளுக்கு ஆபத்து இல்லையோ அத முதல்ல பாருங்க, அப்பறம் எதுல அவங்க விருப்பம் கேக்கப்படுதோ அத. நீங்களே மருந்து குடுக்கறது, டாக்டர் மாதிரி நோய் என்னன்னு சொல்றது, குடும்பத்துக்கு ரிசல்ட் சொல்றது இந்த மாதிரி பதில எல்லாம் உடனே தள்ளிடுங்க, சிஎன்ஏ வேலையே இல்ல அது. புதுசா எதாவது கண்ணுல பட்டா, தோல் சிவந்திருக்கு, மூச்சு வாங்குது, திடீர்னு குழப்பமா பேசறாங்க, எதுவானாலும் நர்ஸ்கிட்ட சொல்லணும். நடக்கும்போது ஆள் விழப்போனா பிடிச்சு தூக்கி நிறுத்தாதீங்க, உங்க உடம்போட சாய்ச்சு மெதுவா தரையில இறக்கணும்.

ஸ்கில்ஸ் நினைச்சாலே கை நடுங்குது. என்ன கேப்பாங்க?

என்என்ஏஏபில அஞ்சு ஸ்கில். கை கழுவறது கண்டிப்பா உண்டு, மத்த நாலுல ஒண்ணு அளந்து எழுதற ஸ்கில்லா இருக்கும். ஒவ்வொரு ஸ்கில்லுக்கும் ஒரு செக்லிஸ்ட், அதுல தடிமனான எழுத்துல இருக்கற ஸ்டெப் க்ரிட்டிக்கல், அத விட்டா மீதி எல்லாம் சரியா செஞ்சாலும் அந்த ஸ்கில் ஃபெயில். அதனால முதல்ல ஒவ்வொரு ஸ்கில்லுலயும் தடிமனான வரிய மட்டும் மனப்பாடம் பண்ணுங்க. வீல்சேருக்கு மாத்தறதுன்னா எழுப்பறதுக்கு முன்னாடி வீல் லாக், பெரினியல் கேர், அதாவது பிறப்புறுப்பு பகுதிய சுத்தம் பண்றதுன்னா முன்னாடியிருந்து பின்னாடி துடைக்கறது, இந்த மாதிரி.

கை கழுவறது ஈஸின்னு யாரும் பழகறதில்ல, அங்கதான் போகுது. முதல்ல உங்க பேர சொல்லி, ரெசிடென்ட்ட பேர் சொல்லி கூப்பிடுங்க. சோப்புக்கு முன்னாடி கையும் மணிக்கட்டும் நனையணும். நுரை வந்த பிறகு 20 நொடியாவது தேய்க்கணும், விரல் நுனி கீழ பாத்து, கை முழங்கைக்கு கீழ. நகத்த எதிர் உள்ளங்கையில தேய்ங்க. அலசும்போதும் தண்ணி விரல் நுனி வழியாதான் ஓடணும், முழங்கை பக்கம் வரக்கூடாது. பேப்பர் டவல்ல விரல் நுனியிலிருந்து துடைச்சு அத போட்டுட்டு, வேற சுத்தமான காஞ்ச டவல எடுத்து குழாய மூடுங்க. சிங்க்கோட உள்பக்கம் கை பட்டா போச்சு. வயித்த சிங்க்ல சாய்ச்சு நிக்கற பழக்கம் இருக்கறவங்க இப்பவே விட்டுடுங்க. முதல் தடவ கழுவி காட்டின பிறகு மீதி ஸ்கில்ல "இப்ப கை கழுவுவேன்"னு வாயால சொன்னா போதும்னு எவாலுவேட்டர், அதாவது பாத்து மார்க் போடறவங்க, சொல்லுவாங்க, அப்பறம் அத சொல்ல மறக்காதீங்க.

நடுவுல ஒரு ஸ்டெப் விட்டுட்டா அவ்வளவுதானா?

இல்ல தம்பி. அடுத்த ஸ்கில் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி "இத திருத்தறேன்"னு சொல்லி அந்த ஸ்டெப்ப மட்டும் செஞ்சு காட்டலாம், முழுசா திரும்ப செய்ய வேணாம். வரிசை முக்கியமான ஸ்டெப்னா, எதுக்கு முன்னாடி செஞ்சிருக்கணும்னு வாயால சொல்லியே ஆகணும். உதாரணத்துக்கு ஆள எழுப்பின பிறகு ஷூ ஞாபகம் வந்தா, "நிக்க வைக்கறதுக்கு முன்னாடியே ஷூ போட்டிருக்கணும்"னு சொல்லுங்க. அடுத்த ஸ்கில்லுக்கு போயிட்டா பழசுக்கு திரும்ப முடியாது. எவாலுவேட்டர் முகத்த பாக்காதீங்க, அவங்க சிரிக்கவும் மாட்டாங்க முறைக்கவும் மாட்டாங்க, அப்படி இருக்கணும்னுதான் அவங்களுக்கு சொல்லியிருக்கு.

பல்ஸ் எண்ணும்போது தப்பாயிடுது. பிபி அதவிட மோசம்.

நொடி முள் இருக்கற வாட்ச் வாங்குங்க, ஃபோன் பாக்க விட மாட்டாங்க. பல்ஸுக்கு ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க, 30 நொடி எண்ணி ரெண்டால பெருக்கற வேலையே வேணாம். கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டுல உங்க ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகள வைங்க, கட்டைவிரல வச்சா உங்க பல்ஸே உங்களுக்கு அடிக்கும். எவாலுவேட்டர் எண்ணினதுக்கும் உங்களதுக்கும் பல்ஸ்ல 4, மூச்சுல 2 வரைக்கும் வித்தியாசம் இருக்கலாம். பிபின்னா மேல இருக்கறதுலயும் கீழ இருக்கறதுலயும் 8 வரைக்கும். மூத்திரம் அளக்கறதுல 25 எம்எல், அத சமமான இடத்துல வச்சு கண் மட்டத்துக்கு குனிஞ்சு பாக்கணும், கையில தூக்கிப் பிடிச்சு பாத்தா அளவு மாறிடும். வெயிட் பவுண்டா கிலோவான்னு பாத்து எழுதுங்க. அப்பறம் முக்கியமா, அளந்தது மனசுல இருந்தா போதாது, ஃபார்ம்ல எழுதணும், எழுதறதும் ஒரு ஸ்டெப்தான்.

பிபிக்கு வீட்ல இருக்கற எல்லாருக்கும் தினமும் பாருங்க, வேற குறுக்கு வழி கிடையாது.

கணக்கு வருமா அக்கா? நான் கணக்குல வீக்.

குடிச்சது எவ்வளவுன்னு கூட்டற அளவுக்குதான். 1 அவுன்ஸ் 30 எம்எல்னு வச்சுக்கோங்க. 4 அவுன்ஸ் ஜூஸ், 6 அவுன்ஸ் காபி, 8 அவுன்ஸ் தண்ணின்னா 18 அவுன்ஸ், 540 எம்எல். கூடவே 24 மணி நேர கடிகாரமும் பாத்துக்கோங்க, மதியம் 3:30ன்னா 1530.

பக்கவாதம் வந்தவங்களுக்கு எந்தப் பக்கம் முதல்லன்னு எப்பவும் குழம்புது.

சட்ட போடும்போது பலவீனமான கை முதல்ல, கழட்டும்போது நல்ல கை முதல்ல. நீங்களே ஒரு கைய வளைக்காம வச்சுக்கிட்டு ஒரு சட்டைய போட்டு கழட்டி பாருங்க, அதுக்கப்பறம் வாழ்க்கையில மறக்காது. நடக்க வைக்கும்போது நீங்க பலவீனமான பக்கம், கைத்தடி அவங்களோட நல்ல பக்கம். சாப்பாடு வாயில நல்ல பக்கத்துல.

நான் ஆம்பள, பெரினியல் கேர் எல்லாம் எப்படி...

எக்ஸாம்ல அதுவும் கதீட்டர் (மூத்திரக் குழாய்) கேரும் மேனிக்கின் பொம்மையிலதான் தம்பி, கூச்சப்பட ஒண்ணுமில்ல. ஆனா பொம்மைதானேன்னு வாய மூடிக்கிட்டு செய்யாதீங்க. "இப்ப துணிய விலக்கப் போறேன், தண்ணி சூடு சரியா இருக்கா"ன்னு உயிருள்ள ஆள்கிட்ட பேசற மாதிரியே பேசணும், கர்ட்டன் மூடணும், தேவையான இடம் தவிர மீதிய மூடியே வைக்கணும். முடிச்சதும் பெட்ட கீழ இறக்கி கால் லைட்ட, அதாவது ஆள கூப்பிடற பட்டன, கைக்கு எட்டற இடத்துல வைங்க. படுக்கையில இருக்கறவங்களுக்கு அந்த பட்டன் ஒண்ணுதான் துணை.

ஊர்ல பி.எஸ்சி நர்சிங் முடிச்சிருக்கேன், என்கிளெக்ஸ், அதாவது நர்ஸ் லைசென்ஸ் எக்ஸாம் எழுதற வரைக்கும் சிஎன்ஏ பண்ணலாமா? எச்4 டிபென்டன்ட் விசால இருக்கேன்.

சில ஸ்டேட்ல வெளிநாட்டு நர்சிங் படிப்ப காட்டி ட்ரெயினிங் இல்லாமலே எக்ஸாமுக்கு உக்காரலாம், உங்க ஸ்டேட்டோட சிஎன்ஏ பதிவேடான ரெஜிஸ்ட்ரில கேளுங்க. ஆனா எக்ஸாம் பாஸ் ஆகறது வேற, வேலை பாக்க அனுமதி வேற. எச்4ன்னா ஈஏடிங்கற வேலை அனுமதி அட்டை கையில இருந்தாதான் வேலை. அப்பறம் ஊர்ல பண்ணின மாதிரி இன்ஜெக்‌ஷன், ட்ரெஸ்ஸிங்னு எதுலயும் கை வைக்காதீங்க, படிச்சவங்க விழற இடம் இதுதான்.

பாஸ் ஆனதும் உங்க பேரு ஸ்டேட் ரெஜிஸ்ட்ரில ஏறும். தொடர்ந்து 24 மாசம் சம்பளத்துக்கு வேலை பாக்கலன்னா திரும்ப ட்ரெயினிங் எடுத்து எக்ஸாம் எழுதணும், இல்லன்னா எக்ஸாம் மட்டுமாவது திரும்ப எழுதணும், அது ஸ்டேட்ட பொறுத்தது. குழந்தைக்காக பிரேக் எடுக்கறவங்க இந்த தேதிய குறிச்சு வச்சுக்கோங்க.

ஸ்கில்ஸ் ஃபெயில், ரிட்டன் (கேள்வித்தாள்) பாஸ். திரும்ப ரெண்டும் எழுதணுமா?

பொதுவா ஃபெயிலானத மட்டும் எழுதினா போதும்மா. குறைஞ்சது மூணு வாய்ப்பு குடுக்கணும்னு சட்டமே இருக்கு. ரிசல்ட் ரிப்போர்ட்ல எந்த ஸ்கில் போச்சுன்னு இருக்கும், அந்த செக்லிஸ்ட எடுத்து வீட்ல ஒருத்தர படுக்க வச்சு, இன்னொருத்தர வரிவரியா டிக் பண்ண சொல்லுங்க. தனியா வீடியோ பாக்கறதுல கை பழகாது.

நாளன்னைக்கு எக்ஸாம். என்ன எடுத்துட்டு போகணும்?

ஸ்க்ரப்ஸ், வழுக்காத ஷூ, நொடி முள் வாட்ச், ஒரிஜினல் ஐடி. நகம் வெட்டிடுங்க. நம்மாளுங்களுக்கு பேர்ல ஒரு சிக்கல் உண்டு, பாஸ்போர்ட்ல ஒரே பேரு, லைசென்ஸ்ல எஃப்என்யூன்னு (முதல் பேர் தெரியலன்னா போடறது) ஒண்ணு, அப்ளிகேஷன்ல அப்பா பேர் சேர்த்து. ஐடில இருக்கறதும் ரெஜிஸ்ட்ரேஷன்ல இருக்கறதும் ஒரே மாதிரி இல்லன்னா உள்ள விடாம திருப்பி அனுப்பிடுவாங்க, கட்டின ஃபீஸும் போயிடும். இத படிச்சதும் ரெண்டையும் பக்கத்துல வச்சு பாருங்க, மாறியிருந்தா காலையிலயே ஃபோன் போட்டு மாத்த சொல்லுங்க.