பெட்ரோல் விலையும் எண்ணெய் நிறுவனங்களின் லாபமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பெட்ரோல் விலை குறித்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கோபத்தோடு எழுதப்பட்டவை. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அது யாரை நோக்கிப் போக வேண்டும் என்பதில் பலருக்கும் தெளிவில்லை. ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன். லிட்டருக்கான விலைப் பகுப்பு, 2024 மார்ச் 15 அன்று விலை இரண்டு ரூபாய் குறைக்கப்பட்ட பிறகான கணக்கு.

கேள்வி: உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது என்று செய்தி வருகிறது. எங்கள் பங்க்கில் மட்டும் பத்துப் பைசாகூடக் குறைவதில்லையே, ஏன்? (உணவு விநியோக ஊழியர், சென்னை)

பதில்: விதிப்படி பார்த்தால் பெட்ரோல் விலையை அரசு நிர்ணயிப்பதில்லை. 2010 ஜூனில் பெட்ரோலும் 2014 அக்டோபரில் டீசலும் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. 2017 ஜூன் 16 முதல் தினமும் விலையை மாற்றிக்கொள்ளும் முறை நாடெங்கும் வந்தது. நடைமுறையில், விலை இறங்கும்போது அந்தப் பலன் உங்கள் வண்டியின் டேங்கை எட்டுவதற்குள் இரண்டு இடங்களில் தடுக்கப்படுகிறது.

முதல் தடுப்பு வரி. 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை கச்சா எண்ணெய் விலை விழுந்துகொண்டே இருந்தபோது, மத்திய அரசு ஒன்பது முறை கலால் வரியை உயர்த்தி, பெட்ரோலில் லிட்டருக்கு 11.77 ரூபாயும் டீசலில் 13.47 ரூபாயும் கூட்டியது. 2020 ஏப்ரலில் இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் சராசரி விலை பீப்பாய்க்கு 20 டாலருக்கும் கீழே போனது. அந்த ஆண்டு மார்ச்சிலும், நாடே ஊரடங்கில் கிடந்த மே மாதத்திலும் பெட்ரோல் மீதான கலால் வரி 19.98 ரூபாயிலிருந்து 32.98 ரூபாய்க்கு ஏற்றப்பட்டது. பிறகு கச்சா எண்ணெய் விலை ஏறியபோது அந்த ஏற்றத்தின் மேல் இந்த வரியும் சேர்ந்துகொண்டது; 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும்தான் அது இரண்டு தவணையாகக் குறைக்கப்பட்டது.

இரண்டாவது தடுப்பு, அறிவிக்கப்படாத விலை உறைவு. உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல்களையொட்டி 2021 நவம்பர் 4 முதல் 137 நாள்கள் விலை அசையவே இல்லை. முடிவுகள் வந்து சில நாள்களில், 2022 மார்ச் 22 தொடங்கிப் பதினாறு நாள்களுக்குள் பதினான்கு முறை ஏற்றி, லிட்டருக்குப் பத்து ரூபாய் கூட்டினார்கள். அதன்பின் அந்த மே மாத வரிக்குறைப்பைத் தவிர வேறு மாற்றமின்றி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் விலை நின்றது. மக்களவைத் தேர்தல் அட்டவணை வெளியாவதற்கு முந்தைய நாள் அந்த இரண்டு ரூபாய் குறைந்தது. 2024 செப்டம்பரில், உலகச் சந்தையின் அளவுகோலாகக் கொள்ளப்படும் பிரெண்ட் கச்சா எண்ணெய் 70 டாலருக்குக் கீழே இறங்கியபோதும் பங்க்கில் மாற்றமில்லை. தினசரி விலை மாற்றம் என்ற விதி இருக்கிறது. தேர்தல் நாள்காட்டியை ஒட்டியே அது இயங்குகிறது என்பது என் கணிப்பு.

கேள்வி: நான் தரும் நூறு ரூபாய் எங்கெங்கே போகிறது? (ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: டெல்லிக்கான பகுப்பை இந்தியன் ஆயில் நிறுவனமே வெளியிட்டிருந்தது. லிட்டர் 94.72 ரூபாய்க்கு விற்றபோது, டீலருக்கு நிறுவனம் விதித்த அடிப்படை விலை 55.46, போக்குவரத்து 0.20, கலால் வரி 19.90, டீலர் கமிஷன் சராசரியாக 3.77, மாநில வாட் வரி 15.39.

தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கான வாட், 13 சதவீதத்தோடு லிட்டருக்கு 11.52 ரூபாய் நிலையான தொகையும் சேர்ந்தது. 2021 ஆகஸ்டில் நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் மூன்று ரூபாய் குறைத்த பிறகு வந்த விகிதம் இது. அதன்படி, சென்னையில் 100 ரூபாய் 75 காசு அளவில் விற்ற ஒரு லிட்டரில் மாநில வரி 21 ரூபாய் 80 காசு வருகிறது. மத்திய அரசை மட்டும் குறை சொல்லி எழுதிய வாசகர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனால் மாநிலங்களின் வாதத்திலும் வலு இருக்கிறது: அப்போதைய கலால் வரியான 19.90 ரூபாயில் அடிப்படைக் கலால் 1.40 ரூபாய் மட்டுமே மாநிலங்களோடு பகிரப்படுவது. மற்றவை செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்கென வசூலிக்கும் மேல்வரி), சிறப்புக் கூடுதல் வரி என்ற பெயர்களில் முழுவதும் மத்திய அரசிடமே தங்குகின்றன. அந்த 1.40 ரூபாயில் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 41 சதவீதம், அதில் தமிழ்நாட்டின் பங்கு ஏறத்தாழ நான்கு சதவீதம் என்று வகுத்தால், ஒரு லிட்டருக்கு இரண்டரைக் காசுகூடத் தேறாது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு பீப்பாய் 159 லிட்டர். பீப்பாய் 80 டாலர், டாலர் 83 ரூபாய் என்று கொண்டால் ஒரு லிட்டர் கச்சா எண்ணெயின் விலை சுமார் 42 ரூபாய். இந்த 42க்கும் அந்த 55.46க்கும் இடைப்பட்ட தொகைக்குள்தான் கப்பல் செலவு, காப்பீடு, சுத்திகரிப்புச் செலவு, நிறுவனத்தின் லாபம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. இதில் எது எவ்வளவு என்பதை மட்டும் அந்தப் பகுப்பு சொல்வதில்லை.

கேள்வி: மூன்று எண்ணெய் நிறுவனங்களும் ஒரே ஆண்டில் 81,000 கோடி லாபம் பார்த்தனவாமே. இது மக்களிடம் அடித்த கொள்ளை இல்லையா? (பல வாசகர்கள்)

பதில்: எண் சரிதான். 2023-24 நிதியாண்டில் இந்தியன் ஆயில் 39,619 கோடி, பாரத் பெட்ரோலியம் 26,673 கோடி, இந்துஸ்தான் பெட்ரோலியம் 14,694 கோடி ரூபாய் நிகர லாபம் காட்டின. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகே தீர்ப்பு சொல்ல வேண்டும்.

உக்ரைன் போருக்குப் பிறகு, 2022 ஜூனில் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெயின் சராசரி விலை 116 டாலரைத் தொட்டபோதும் பங்க்கில் விலை ஏற்றப்படவில்லை. அந்த ஒரே காலாண்டில் இந்துஸ்தான் பெட்ரோலியம் மட்டும் 10,000 கோடிக்கு மேல் நட்டமடைந்தது. சமையல் எரிவாயு நட்டத்துக்காக மத்திய அரசு 22,000 கோடி ரூபாய் கொடுத்த பிறகும், 2022-23இல் மூன்று நிறுவனங்களின் லாப நட்டத்தைக் கூட்டிக் கழித்தால் மிஞ்சியது 1,100 கோடி சொச்சம். இரண்டு ஆண்டுகளின் சராசரி ஏறத்தாழ 41,000 கோடி. நெருக்கடிக்கு முந்தைய 2021-22இல் அவை ஈட்டியதும் 39,000 கோடிக்குச் சற்று மேல்தான். ஆகவே கொள்ளை என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். அரசின் விருப்பத்துக்காக ஓராண்டு விலையை அடக்கி வைத்து, மறு ஆண்டு கச்சா எண்ணெய் விலை இறங்கியபோது அதைக் குறைக்காமல் ஈடுகட்டிக்கொண்டார்கள் என்பதே நடந்தது.

அப்படியானால் புகாருக்கு இடமில்லையா என்றால், நிறையவே இருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 16,000 கோடி லிட்டர் பெட்ரோலும் டீசலும் விற்பனையாகின்றன. லிட்டருக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வைத்தால் ஆண்டுக்கு 16,000 கோடி ரூபாய். இவ்வளவு பெரிய தொகை, பழைய நட்டம் எவ்வளவு, அதில் எவ்வளவு தீர்ந்தது, எப்போது முழுதும் தீரும் என்று ஒரு வரிகூடப் பொதுமக்களுக்குச் சொல்லப்படாமல் வசூலிக்கப்பட்டது. டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் விலைக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், லிட்டருக்கு எவ்வளவு குறைவாக விற்கப்படுகிறது என்ற கணக்கைப் பெட்ரோலியத் திட்டமிடல் மற்றும் பகுப்பாய்வுப் பிரிவு முறையாக வெளியிட்டு வந்தது. கட்டுப்பாடு போனதாகச் சொல்லப்பட்ட பிறகு டீசலுக்கான அந்தக் கணக்கும் நின்றுபோனது. நட்டத்தை அறிவிக்க முடிந்தவர்களால் அதிகப்படி வரவையும் அறிவிக்க முடியும்.

அடுத்த ஆண்டின் கதை எனக்கு இன்னும் கவலை தருகிறது. 2024-25இல் மூன்று நிறுவனங்களின் லாபம் 33,602 கோடியாக இறங்கியது. அந்த ஆண்டு சமையல் எரிவாயு விற்பனையில் மட்டும் அவற்றுக்கு 41,000 கோடிக்கு மேல் நட்டம். அதில் 30,000 கோடியை ஈடுசெய்ய அரசு ஒப்புக்கொண்டது 2025 ஆகஸ்டில்தான். அதுவரை சிலிண்டருக்கான மானியத்தின் பெரும்பகுதியைச் சுமந்தது, பெட்ரோலிலும் டீசலிலும் கிடைத்த கூடுதல் வரவு. ஏழைக் குடும்பத்துக்குக் குறைந்த விலையில் சிலிண்டர் கொடுப்பது மிகச் சரியான செயல். அதற்கான பணம் நாடாளுமன்றம் விவாதித்து ஒப்புக்கொள்ளும் வரவு செலவுத் திட்டத்திலிருந்து வர வேண்டும். ஆட்டோ ஓட்டுநரின் டேங்கிலிருந்து அவருக்கே தெரியாமல் எடுக்கப்படக் கூடாது.

கேள்வி: ரஷ்யாவிலிருந்து மலிவாக வாங்கிய எண்ணெயின் பலன் எங்கே? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: போருக்கு முன் இந்திய இறக்குமதியில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவாக இருந்த ரஷ்ய எண்ணெயின் பங்கு 2023-24இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. அந்தத் தள்ளுபடி, சுத்திகரிப்பு ஆலைகளின் லாப வரம்பில் சேர்ந்தது. ஆலையிலிருந்து வெளிவரும் பெட்ரோலின் விலை சர்வதேசச் சந்தையின் பெட்ரோல் விலையை ஒட்டிக் கணக்கிடப்படுவதால், ஆலை தன் கச்சா எண்ணெயை எவ்வளவு மலிவாக வாங்கியது என்பது பங்க் விலையைத் தானாகக் குறைப்பதில்லை.

கேள்வி: ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்தால் விலை இறங்கும் என்கிறார்கள். ஏன் செய்யவில்லை? (லாரி உரிமையாளர், நாமக்கல்)

பதில்: இறங்கும். டெல்லிக் கணக்கில் வரிகளை நீக்கிவிட்டால் கிடைப்பது 59.43 ரூபாய். அதன்மேல் 28 சதவீதம் விதித்தால் விலை 76 ரூபாய்; 40 சதவீதம் விதித்தாலும் 83 ரூபாய். அதற்கும் மேலாக, டீசலுக்குக் கட்டும் வரியை, நீங்கள் அரசுக்குச் செலுத்த வேண்டிய வரியிலிருந்து உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ளும் வாய்ப்பு உங்கள் தொழிலுக்குக் கிடைக்கும். சரக்குக் கட்டணத்தில் அதன் விளைவு தெரியும்.

செய்யாததற்குக் காரணம், அந்த வருவாயை விட்டுக்கொடுக்க இரு தரப்புக்கும் மனமில்லை என்பதுதான். 2020-21இல் பெட்ரோல், டீசல் கலால் வரியாக மத்திய அரசுக்கு 3.7 லட்சம் கோடிக்கு மேல் வந்தது. மாநிலங்களுக்கோ, மதுவையும் எரிபொருளையும் விட்டால் தாமாக விகிதம் நிர்ணயிக்கக்கூடிய பெரிய வரிகள் அதிகமில்லை. கேரள உயர்நீதிமன்றத்தின் உத்தரவையடுத்து 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி மன்றம் இதை எடுத்துக்கொண்டு, இது உரிய நேரமல்ல என்று முடித்துவிட்டது. விரைவில் நடக்கும் என்று உங்களுக்கு நம்பிக்கை தர என்னால் இயலவில்லை.

கேள்வி: முந்தைய ஆட்சியின் எண்ணெய்ப் பத்திரக் கடனால்தான் வரியைக் குறைக்க முடியவில்லை என்பது உண்மையா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: கடன் உண்மை, அளவு பொருந்தவில்லை. விலையை அடக்கி விற்றதால் வந்த நட்டத்துக்கு, எண்ணெய் நிறுவனங்களுக்குப் பணமாகத் தராமல் அரசு கொடுத்த கடன் பத்திரங்கள் இவை. 2014இல் நிலுவையில் இருந்த பத்திரங்கள் சுமார் 1.3 லட்சம் கோடி ரூபாய். ஆண்டு வட்டி ஏறத்தாழ 10,000 கோடி. பெரிய அசல் தவணைகள் 2021-22இல்தான் தொடங்கின. அந்த ஆண்டுக்கானது 10,000 கோடி. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இந்தக் காரணத்தை 2021 ஆகஸ்டில் சொன்னார். அதற்கு முந்தைய நிதியாண்டின் கலால் வசூல் மேலே சொன்ன 3.7 லட்சம் கோடி.

கேள்வி: இங்கே எண்ணெய் நிறுவனங்களின் லாபத்துக்குத் தனி வரி போட வேண்டும் என்ற குரல் எழுந்தது. இந்தியாவில் அப்படி உண்டா? (அமெரிக்காவில் வாழும் வாசகர்)

பதில்: 2022 ஜூனில் அமெரிக்காவில் கேலன் சராசரியாக ஐந்து டாலரைத் தாண்டியது, எக்ஸான் மொபில் அந்த ஆண்டில் 55.7 பில்லியன் டாலர் லாபம் காட்டியது. அதிபர் பைடன் தனி வரி பற்றிப் பேசினார்; சட்டம் வரவில்லை. 1980இல் கார்ட்டர் காலத்தில் வந்த அத்தகைய வரி 1988இல் நீக்கப்பட்டது. பிரிட்டன் 2022 மே மாதத்தில் 25 சதவீதக் கூடுதல் வரியை விதித்தது.

இந்தியா 2022 ஜூலை 1 அன்று, உள்நாட்டில் எடுக்கும் கச்சா எண்ணெய்க்கு டன்னுக்கு 23,250 ரூபாயும், ஏற்றுமதியாகும் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 6 ரூபாயும், டீசலுக்கு 13 ரூபாயும் விதித்து, பின்னர் அவ்வப்போது மாற்றி, 2024 டிசம்பரில் கைவிட்டது. அது எண்ணெய் எடுப்பவர்கள், ஏற்றுமதி செய்பவர்கள் மீதான வரி. பங்க் விற்பனையில் கிடைத்த லாபத்தை அது தொடவில்லை. மேலும், இங்கே பெரும்பாலான பங்க்குகளை நடத்தும் நிறுவனங்களின் பெரும்பான்மைப் பங்குகள் நேரடியாகவோ பொதுத்துறை எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி வழியாகவோ அரசிடமே இருப்பதால், லாபத்தின் ஒரு பகுதி ஈவுத்தொகையாக அதே கருவூலத்துக்குத் திரும்புகிறது. எக்ஸானைக் கண்டித்த அமெரிக்க அரசுக்கு எக்ஸானில் பங்கு இல்லை. இந்திய அரசின் நிலை அப்படியல்ல. அதனால்தான் இங்கே கேள்வியை நிறுவனத்திடம் கேட்டு நிறுத்திவிட முடியாது.

கேள்வி: விலை ஏறினால் திட்டு வாங்குவது நாங்கள்தான். எங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று எழுதுவீர்களா? (பங்க் நடத்துபவர், மதுரை)

பதில்: உங்களுக்குச் சேரும் கமிஷனில் பெரும்பகுதி லிட்டருக்கு இவ்வளவு என்ற நிலையான தொகை. விலையை ஒட்டி மாறுவது ஒரு சிறு பகுதி மட்டுமே என்பதால், விலை நூறைத் தாண்டியபோதும் கமிஷன் பெரிதாகக் கூடிவிடவில்லை. 2017க்குப் பிறகு கமிஷன் விகிதம் 2024 அக்டோபர் இறுதியில்தான் உயர்த்தப்பட்டது. பெட்ரோலில் லிட்டருக்கு 65 காசு அளவு கூடியது. வரி திடீரென்று குறையும் இரவில், பழைய விலைக்கு வாங்கித் தொட்டியில் நிரப்பிய சரக்கில் நட்டப்படுவதும் நீங்கள்தான். 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் டீலர்கள் இதைச் சொல்லி முறையிட்டார்கள். ஹோட்டலில் இரண்டு தோசைக்குத் தரும் பில்லில்கூட மத்திய ஜிஎஸ்டி, மாநில ஜிஎஸ்டி என்று தனித்தனியே அச்சாகிறது. இரண்டாயிரம் ரூபாய்க்கு எரிபொருள் நிரப்பினால் கிடைக்கும் ரசீதில் லிட்டர், விலை, மொத்தம் ஆகியவற்றைத்தான் காண முடிகிறது. அடிப்படை விலை, கலால், வாட், உங்கள் கமிஷன் ஆகிய நான்கையும் ரசீதில் அச்சிட வேண்டும் என்று உங்கள் டீலர் சங்கமே நிறுவனங்களுக்கு எழுதிக் கேட்கலாம். அதுவரை, நிறுவனம் வெளியிடும் பகுப்பை ஒரு தாளில் எழுதி, பணம் வாங்கும் இடத்துக்கு அருகில் ஒட்டி வையுங்கள்.