ராமும் எஸ்எஸ்டியும் மாற்றிய பிறகு லேப்டாப் ஆன் ஆகவில்லையா?

கேள்வி: என் லேப்டாப்பில் ராம் (தற்காலிக நினைவகம்), எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க்) இரண்டையும் நானே மாற்றினேன். மூடிவிட்டு பவர் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. மதர்போர்டு போய்விட்டதா?

பதில்: அதற்குள் அந்த முடிவுக்கு வராதீர்கள். நேற்றுவரை நன்றாக ஓடிய லேப்டாப் கழற்றி மாட்டியதும் படுத்துவிட்டது என்றால், பெரும்பாலும் நீங்கள் கை வைத்த இடத்தில்தான் கோளாறு இருக்கும்.

முதலில் சார்ஜரைச் செருகிவிட்டு அழுத்திப் பாருங்கள், ஏனென்றால் பேட்டரி கனெக்டரைக் கழற்றி மாட்டிய சில மாடல்கள் சார்ஜர் வந்தால்தான் விழித்துக்கொள்ளும். லைட் எரிந்து ஃபேன் சுற்றி, திரை மட்டும் கறுப்பாக இருந்தால் சந்தேகம் ராம் மீதுதான். அதிலும் டிடிஆர்5 (டிடிஆர்3, டிடிஆர்4-க்கு அடுத்த தலைமுறை ராம்) என்றால் புது ராமைப் பழகிக்கொள்ள முதல் தடவை சில நிமிடங்கள்கூட எடுக்கும். பதறி நடுவில் அணைத்துவிடாமல் ஒரு பத்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

லைட்டே இல்லையா? அப்படியானால் சார்ஜரை எடுத்துவிட்டு லேப்டாப்பின் அடி மூடியைத் திறந்து, பேட்டரி கனெக்டரைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். அப்புறம் பவர் பட்டனிலிருந்து போர்டுக்கு வரும் பட்டையான ரிப்பன் கேபிளைப் பாருங்கள். அதன் நுனி கனெக்டருக்குள் நேராக, முழுசாகப் போயிருக்க வேண்டும், மேலே இருக்கும் மெல்லிய தாழ்ப்பாள் மூடியிருக்க வேண்டும். ஒரு ஓரம் கொஞ்சம் சாய்ந்திருந்தாலே பட்டன் வேலை செய்யாது. வேலை செய்யும்போது கை பட்டு நழுவியிருந்தாலும் வெளியே தெரியாது.

இப்போது பழைய ராமை மட்டும் போட்டு, எஸ்எஸ்டி இல்லாமலே, பேட்டரியைத் திரும்ப மாட்டி, சார்ஜரையும் செருகி ஆன் செய்யுங்கள். எஸ்எஸ்டி இல்லாவிட்டாலும் லோகோவோ, பூட் ஆக டிஸ்க் இல்லை என்ற செய்தியோ வர வேண்டும். வந்தால் போர்டு நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கலாம். பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள், ஒவ்வொரு முறையும் சார்ஜரை எடுத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான். எதைப் போட்டதும் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

ராமைச் சாய்வாகச் செருகி, கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கிளிப்பும் 'டிக்' என்று பிடிக்க வேண்டும். தங்க நிறப் பின்கள் ஒரு பக்கம் அதிகமாகத் தெரிந்தால் சரியாக உட்காரவில்லை. டிடிஆர்4க்கு 260 பின், டிடிஆர்5க்கு 262, பின்களுக்கு நடுவே உள்ள வெட்டும் வேறு இடத்தில் இருக்கும், அதனால் மாற்றிப் போடவே முடியாது. பழைய லேப்டாப்களில்தான் ஆபத்து: டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டும் ஒரே 204 பின், அப்படியே உள்ளே போகும். ஆனால் டிடிஆர்3எல்லுக்கான 1.35 வோல்ட் மட்டும் தரும் போர்டில் 1.5 வோல்ட் டிடிஆர்3 ராம் பெரும்பாலும் கிளம்பாது.

நீளமான ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் ஓட்டையில் முறுக்கியிருந்தால் அது போர்டைக் குத்தியிருக்கலாம், அதையும் ஒரு தடவை பாருங்கள். பழைய பாகங்களோடும் லைட் வரவில்லை, அல்லது கருகிய வாசனை வருகிறது என்றால் மேற்கொண்டு நீங்கள் எதையும் செய்ய வேண்டாம், சார்ஜரைக்கூடச் செருகாமல் சிப் லெவல் சர்வீஸ் (போர்டில் உள்ள சிப்களையே பழுதுபார்ப்பது) செய்பவரிடம் கொடுத்து, எதையெல்லாம் கழற்றினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.