சூடானால் கறுப்புப் புகை

கேள்வி: படகின் ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு என்ஜின் (இ.எஃப்.ஐ., அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் தெளிப்பது) காலையில் நன்றாக ஓடுகிறது. சூடான பிறகு கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை. பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரை மாற்றலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள், அது விலை கூடிய பொருள். முதலில் வெப்பநிலை சென்சரைப் பாருங்கள். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும்: 20 டிகிரியில் ஏறக்குறைய 2,500 ஓம் காட்டுவது, 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கும். (சரியான அளவு உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.) கனெக்டர் பின்னில் உப்புக்காற்றால் பச்சை பூத்தால் அந்தத் துருவும் தடையாகச் சேர்ந்துவிடும். கம்ப்யூட்டரோ என்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நம்பி, இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். காரில் என்றால் புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சர் இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்கும்; பல அவுட்போர்டுகளில் அது கிடையாது.

சென்சரைக் கழற்றி வெந்நீரில் முனையை மட்டும் அமிழ்த்தி, மல்ட்டிமீட்டரில் அளக்கவும். அளவு சரி என்றால் கோளாறு கனெக்டரிலோ ஒயரிலோ எர்த்திலோ இருக்கலாம். சாவியைத் திருப்பி, கழற்றிய கனெக்டரின் ஒயர் பக்கம் அளந்தால் பொதுவாக 5 வோல்ட் வர வேண்டும். ஒயர் உறையில் ஊசி குத்தி அளக்காதீர்கள். அந்த ஓட்டை வழியே உப்புநீர் புகும்.

குளிர்விக்கும் நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட்டில் மணல் சிக்கித் திறந்தே கிடந்தாலும் இதே புகைதான். என்ஜின் உண்மையிலேயே சூடாகாது. பாவம், சென்சர் சரியாகத்தான் சொல்கிறது.

எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கலாம்; ஆயில் குச்சியையும் பாருங்கள். மட்டம் ஏறி பெட்ரோல் வாடை வந்தால், ஆயிலை மாற்றாமல் ஓட்டக்கூடாது.