வெள்ளரிப் பச்சடி நீர்க்காமல் இருக்க

சகோதரி, மதியச் சாப்பாட்டுக்குத் திடீரென்று நாத்தனார் குடும்பம் ஆறு பேர், வீட்டில் சாம்பாரும் சோறும்தான், போனமுறை செய்த வெள்ளரிப் பச்சடி மோர் மாதிரி ஓடிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். பதறாதீர்கள், இந்த வெயிலுக்கு அதையே செய்யுங்கள், 20 நிமிடம் போதும்.

உப்புதான் காரணம். அது வெள்ளரியிலிருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். அதனால் மூன்று நடுத்தரக் காயைக் காம்புப் பக்கம் நறுக்கி ருசி பாருங்கள். கசந்தால் அந்தக் காயே வேண்டாம். விதை முற்றியிருந்தால் வழித்துவிட்டுப் பொடியாக நறுக்கி, அரை ஸ்பூன் உப்பு பிசறிப் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு கையால் நன்றாகப் பிழியுங்கள். பிழிந்த நீரைக் கொட்டாதீர்கள், மோரில் கலந்து வந்தவர்களுக்கு முதலில் கொடுங்கள்.

இரண்டு கைப்பிடித் தேங்காய், இரண்டு பச்சை மிளகாய், கால் ஸ்பூன் சீரகம், தண்ணீர் அதிகம் விடாமல் அரையுங்கள். புளிக்காத கெட்டித் தயிர் மூன்று கப். கடுகு, கறிவேப்பிலை தாளித்து ஆறியபின் கொட்டுங்கள். எல்லாவற்றையும் தனித்தனியே தயாராக வைத்து, இலை போட்டதும் கலந்தால் போதும். உப்பு பார்த்துப் போடுங்கள், காயில் ஏற்கெனவே இருக்கிறது.

குழந்தைகள் வருகிறார்களென்றால் மிளகாயை அரைக்காமல் கீறித் தாளிப்பில் போடுங்கள், எடுத்துவிடலாம்.